வீட்டுக்காரர் சம்மதமும் நம் வீட்டு வெளிச்சமும்

(செஞ்சியில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்தக் கூட்டத்துல எதப்பத்திப் பேசப்போறீங்கன்னு ஒரு தோழர் கேட்டார். வாடகை வீட்டுல குடியிருக்கிறவங்களோட மின்சார உரிமையப் பத்தின்னு சொன்னேன். சிரிச்சிட்டார். "வேங்கைவயல்ல குடிக்கிற தண்ணித் தொட்டியில மலத்தைக் கலந்தான். நம்ம மாவட்டத்துலயே மேல்பாதியில கோயிலப் பூட்டி சீல் வச்சாங்க. நீங்க மீட்டர் பொட்டியப் பத்திப் பேசப்போறீங்களா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2022-லும் 2023-லும் நடந்தவை அவை. நாம் மறக்கக் கூடாதவை.

ஆனால் தோழர்களே, சாதி என்பது தொட்டியில் மலம் கலக்கிற அன்றைக்கு மட்டும் வேலை செய்வதில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கும் வேலை செய்கிறது. சுவிட்சைப் போட்டா விளக்கு எரியுமா எரியாதாங்கிறதை இன்னொருத்தர் முடிவு பண்றார்னா அது அதிகாரம். அந்த அதிகாரம் எங்கிருந்து வருது, அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கா, இல்லைன்னா நாம ஏன் அதுக்குக் கட்டுப்பட்டு நிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குடும்பத்தின் கதை. ஊர் வேண்டாம், பேர் வேண்டாம், எந்த ஆபீஸ் என்பதும் வேண்டாம். வீட்டுக்காரர் கொத்தனார். அந்தம்மா ஒரு கடையில் வேலை. ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம்னு காலனியை விட்டு டவுனுக்கு வந்து ஒரு போர்ஷனில் குடியேறினார்கள். வாடகை பேசினார்கள். கரண்ட்டுக்கு வீட்டு உரிமையாளர் தன் வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, ஒரு சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்றார். சரி என்றார்கள். வேற வழி? வீடு கிடைச்சதே பெருசு.

வீடு கிடைத்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் கல்லூரிக்கு வந்த புதிதில் அறை தேடி அலைந்தவர்கள். முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி "ஊர்ல எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்வியே கிடையாது. "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம் தம்பி." போர்டில் 'சைவம் மட்டும்' என்று எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கும் தெரியும், எழுதினவருக்கும் தெரியும்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். நூற்றறுபது யூனிட் வரும். 1,440 ரூபாய். ஒருநாள் அந்தப் பொண்ணுதான் கேட்டிருக்கு: "அம்மா, வீட்டுக்கு 100 யூனிட் இலவசம்னு கவர்மென்ட் சொல்லுதே, நமக்கு ஏன் இல்ல?" சரியான கேள்வி. 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் அது இணைப்புக்குத்தான். இணைப்பு யார் பேர்ல இருக்கோ, அவங்களுக்குத்தான். கணக்குப் போட்டுப் பாருங்க. அரசு சும்மா தருகிற நூறு யூனிட்டுக்கு இந்தக் குடும்பம் ஒவ்வொரு தடவையும் 900 ரூபாய் கொடுக்குது. வருஷத்துக்கு ஆறு தடவை. 5,400 ரூபாய். ஒரு கடைச் சிப்பந்திப் பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி?

அந்தம்மா போய் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "ஐயா, எங்களுக்குன்னு தனியா ஒரு மீட்டர் வாங்கிக்கிறோம். செலவு எங்களோடது. நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

"ஏம்மா, இன்னிக்கு மீட்டர் உன் பேர்ல வரும். நாளைக்கு வீடே உன்னுதுன்னு சொல்லுவ. இருக்கிறதுன்னா இரு, இல்லன்னா காலி பண்ணு."

அன்றைக்கு ராத்திரி பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார். கேட்டா "ஒயர்ல ஏதோ கோளாறு, ஆளு வரணும்." ஒரு வாரம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மெழுகுவத்தியில் படித்தது. அந்தம்மா மின்வாரிய ஆபீசுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் நல்லவர்தான், உட்காரச் சொல்லித்தான் பேசினார். ஆனால் சொன்னது இது: "வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்கம்மா. அது இல்லாம நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்காரர் தரமாட்டேன்கிறார் என்று சொல்லத்தானே அங்கே போனது? அவரிடமே கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் எங்கே போவது? பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் திரும்பி வந்துவிடுகிறோம்.

இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். தனி மீட்டர் வைத்தால் வீட்டு உரிமையாளருக்கு என்ன நட்டம்? எல்லாப் போர்ஷனின் யூனிட்டும் அவர் ஒரே மீட்டரில் ஏறும்போது அவருக்கு மேல்தட்டு விகிதம் விழுகிறது. அதைக் காட்டித்தான் ஒன்பது ரூபாய் கேட்கிறார். தனித்தனி மீட்டர் என்றால் அவர் பில்லும் குறையும், நம் பில்லும் குறையும். பணக் கணக்குப்படி அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனாலும் பலர் போடுவதில்லை. ஏனென்றால் அந்த ஒயர் அவர் கையில் இருக்கிற வரைக்கும் நாம் அவர் கைக்குள் இருக்கிறோம். ஒன்பது மணிக்கு மேல டிவி போடாத, மாட்டுக்கறி வாசம் வருது, உங்க சனமெல்லாம் ஏன் இவ்வளவு பேர் வர்றாங்க, வீட்டுல அம்பேத்கர் படம் எதுக்கு என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். வாய்ப்பேச்சில் தீராததைப் பீஸ் கட்டை தீர்த்து வைக்கும்.

இது புதுசா? இல்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மிராசுதாரர் மனையில் குடிசை போட்டு இருந்தார்கள். குடிசை நம்முது, மனை அவருது. வேலைக்கு வரமாட்டேன்னா குடிசையைப் பிரித்துப் போடுவார்கள். கூலி கேட்டால் முதலில் பறிபோவது குடியிருக்கிற இடம்தான். அந்தக் கொடுமைக்கு எதிராகத்தான் 1971-இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. நிலவுடைமையாளரின் இடத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே அந்த மனை சொந்தம் என்று சொன்ன சட்டம். எல்லா இடத்திலும் ஒழுங்காக அமலானதா என்பது வேறு. அந்தச் சட்டத்தின் கொள்கையைப் பாருங்கள். பட்டா யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல், அங்கே யார் வாழ்கிறார்கள் என்று கேட்டது. அந்தக் கேள்விதான் நமக்கு முக்கியம்.

நாம் உட்கார்ந்திருக்கிற செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைக்கு எத்தனை வீட்டுக்காரர்கள்! கோன்கள், விஜயநகர நாயக்கர்கள், பிஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், அப்புறம் தேசிங்கு, 1750-இல் பிரெஞ்சுக்காரன், 1761-இல் இங்கிலீஷ்காரன். 2025 ஜூலையில் மராட்டியரின் படைத்துறைக் கோட்டைகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில் செஞ்சியும் ஒன்று. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். சந்தோஷம். கல்யாண மகாலின் மேல்மாடிகளுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள் என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். அதுவும் சரி. அந்தக் குழாயைப் புதைத்தவன் வீட்டுக்குத் தண்ணீர் எப்படிப் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைச் சொல்வார்கள். நாலாவது ஒன்று இருக்கிறது. சின்ன மலை. பேர் சக்கிலிதுர்க்கம். நம் அருந்ததிய உழைப்பாளிகளின் சாதிப்பேரைத் தாங்கி நிற்கிற மலை. வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அதைக் காட்டுகிறார்கள்? கோட்டைக்கு உடைமையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கல் சுமந்தவர்கள், தோல் தைத்தவர்கள், ஏரியில் மடை திறந்தவர்கள் இங்கேயேதான் குடியிருந்தார்கள். வரலாறு உடைமையாளர் பேரில் எழுதப்படுகிறது. ஈ.பி. கார்டும் அப்படித்தான்.

இப்போது அண்ணல் அம்பேத்கருக்கு வருகிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு 1917-இல் பரோடா மன்னரிடம் வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பேரைச் சொல்லித் தங்குகிறார். வேறு யாருமே தங்காத விடுதி. மாடிக் கூடத்தில் மின்விளக்கு கிடையாது, எண்ணெய் விளக்குகூடக் கிடையாது. விடுதிக் காவலாள் ஒரு சின்ன அரிக்கேன் லாந்தர் கொண்டு வந்து வைப்பான். அந்த வெளிச்சம் சில அங்குலத்தைத் தாண்டாது. வௌவால்கள் பறக்கும். அந்த இருட்டில் உட்கார்ந்து புத்தகம் படிக்க முயன்றதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய், சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்றது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்த மனிதருக்கு, வேலை பார்க்க வந்த ஊரில் தலைசாய்க்க இடமில்லை.

அதே மனிதர் 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆகிறார். மின்சாரமும் அவருடைய பொறுப்பில் வருகிறது. 1943 அக்டோபர் 25-ஆம் தேதி மின்சக்தி பற்றிய கொள்கைக் குழுவின் கூட்டத்தில் பேசுகிறார். மின்சாரம் தனியார் கையில் இருக்கலாமா, அரசின் கையில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை வைக்கிறார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் இல்லாமல் இந்த நாட்டுத் தொழில் வளராது, தொழில் வளராமல் மக்கள் வறுமையிலிருந்து மீள முடியாது என்பது அவர் வாதம். இந்த நாட்டின் மின்சாரக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். அரசமைப்புச் சட்டம் எழுதியவர் என்று சிலை வைக்கிறோம். அவர் கரண்ட்டைப் பற்றியும் யோசித்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், பிரிவு 43. ஓர் இடத்தின் 'உரிமையாளரோ அல்லது குடியிருப்பவரோ' விண்ணப்பித்தால் மின்விநியோகம் செய்பவர் இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்று சட்டம் சொன்னது. நுகர்வோர் உரிமைகள் பற்றி 2020-இல் வந்த மத்திய விதிகளும் 2024-இல் அவற்றுக்கு வந்த திருத்தமும் அந்தக் காலத்தை இன்னும் குறைத்தன. கிராமப்புறத்துக்கு 15 நாள். கொடுக்காமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை தண்டம். 'அல்லது குடியிருப்பவர்' என்ற அந்த இரண்டு சொல்லை அடிக்கோடு போடுங்கள். இந்தச் சொல் நேற்று வந்ததும் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட 1910-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற உரிமையை வாங்க நாம் இன்னும் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறோம்.

இரண்டாவது, தமிழ்நாடு மின்விநியோக விதித்தொகுப்பு, 2004. அதில் 27-ஆம் விதி, நான்காம் உட்பிரிவு. வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரிடம் படிவம் 5-இல் சம்மதக் கடிதம் வாங்கித் தர வேண்டும் என்கிறது. ஆபீசில் நமக்குச் சொல்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வாக்கியத்தை வாசிப்பதில்லை. உரிமையாளர் கிடைக்கவில்லை என்றாலோ, சம்மதம் தர மறுத்தாலோ, விண்ணப்பிப்பவர் தான் சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, படிவம் 6-இல் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வழக்கமான வைப்புத்தொகையைப் போல இரண்டு மடங்கு கட்ட ஒப்புக்கொண்டால் போதும். 'மறுத்தாலோ' என்று விதியிலேயே போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் மறுப்பார் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது, நீதிமன்றங்கள். 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் திலீப் எதிர் சதீஷ் என்ற வழக்கில் தெளிவாகச் சொன்னது: மின்சாரம் அடிப்படை வசதி, அது இல்லாமல் யாரையும் வைக்க முடியாது. வீட்டு உரிமையாளர் ஆட்சேபணையில்லாக் கடிதம் தரவில்லை என்பதைக் காரணம் காட்டி வாடகைதாரருக்கு இணைப்பை மறுக்கக் கூடாது. விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்பதை மட்டும்தான் மின்வாரியம் பார்க்க வேண்டும்.

இங்கே பக்கத்துத் திருவண்ணாமலையிலிருந்து போன ஒரு வழக்கும் இருக்கிறது. டி.எம். பிரகாஷ் என்பவரும் மற்றவர்களும் மாவட்ட ஆட்சியருக்கு எதிராகப் போட்டது. 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புறம்போக்கில் குடியிருந்தவர்களின் வழக்கு. மின்சாரம் கிடைப்பதை மனித உரிமையாகப் பார்க்க வேண்டும், மின்சாரம் இல்லாத வீட்டுப் பிள்ளை இருக்கிற வீட்டுப் பிள்ளையோடு போட்டி போடவே முடியாது, பெண்கள் விறகுப் புகையிலும் மண்ணெண்ணெய்ப் புகையிலும் கிடந்து நோய்ப்படுகிறார்கள், மின்சாரம் இல்லாமையே ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது என்றெல்லாம் அந்தத் தீர்ப்பில் வருகிறது. ஏரிக்கரையிலும் கரம்பிலும் பட்டா இல்லாமல் இருக்கிற நம் இருளர் குடும்பங்களுக்காகப் பேசப் போகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று, சமேலி சிங் வழக்கு. 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்குமிட உரிமை என்றால் கூரை மட்டும் போதாது, காற்று, வெளிச்சம், தண்ணீர், மின்சாரம், சாலை எல்லாம் சேர்ந்ததுதான் என்று சொன்ன தீர்ப்பு. சட்டக் கல்லூரியில் இதைச் சொல்லித்தருவார்கள். வழக்கு எதைப் பற்றியது என்பதைச் சேர்த்துச் சொல்வார்களா தெரியாது. உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதி மக்களுக்கு வீடு கட்டித்தர அரசு நிலம் எடுத்தது. நிலக்காரர்கள் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். தங்குமிடம் என்றால் என்ன என்று நீதிமன்றம் விளக்க வேண்டி வந்ததே, நமக்கு வீடு கிடைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் நீதிமன்றம் வரை போனதால்தான்.

அப்புறம், இருக்கிற கரண்ட்டைப் பிடுங்கினால் என்ன செய்வது? பழைய 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் வீட்டுக்காரர் வசதிகளில் கைவைக்கக் கூடாது என்று இருந்தது. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. ஆக, பீஸ் கட்டையைப் பிடுங்குவது வீட்டுக்காரரின் உரிமை கிடையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நாளைக்கே கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். முதலில் என்ன செய்யணும்னா, எழுத்தில் கொடுக்கணும். வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும். விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் சம்மதம் தர மறுக்கிறார், விதி 27(4)-இன்படி படிவம் 6 தருகிறேன் என்று எழுதுங்கள். முத்திரைத்தாளில் பத்திரத்தை இணையுங்கள். விண்ணப்ப எண்ணையோ ஒப்புகையையோ வாங்காமல் நகராதீர்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னால் பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும். அதுக்கும் மேல, மின்பகிர்மான வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டுமே சட்டம் ஏற்படுத்தியவை. வக்கீல் வைத்துத்தான் போகணும்னு இல்லை. மின்வாரியம் 2010-இல் பிரிந்து, 2024-இல் திரும்பப் பிரிந்து, இன்றைக்கு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருக்கிறது. நமக்கு அது ஈ.பி.தான். கடமையும் அதேதான்.

அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஒரு தோழர் கூடப் போனார். படிவம் 6 கொடுத்தார்கள். ரெண்டு மடங்கு டெபாசிட்டை வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். மீட்டர் வந்தது. லைன்மேன் வந்து மாட்டிவிட்டுப் போன அன்றைக்கு அந்தப் பொண்ணு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சுப் பாத்துச்சாம். பதினோரு மாசம் முடிஞ்சதும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார்.

இதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டம் வெளிச்சத்தைக் கொடுத்தது, வீட்டைக் கொடுக்கவில்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு போராட வேண்டும். மூன்று இடத்தில் இந்த உரிமை நமக்கு எட்டாமல் போகிறது.

ஒன்று, 'சட்டப்படி குடியிருப்பதற்கு ஆதாரம்'. நமக்கு யார் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள்? யார் ரசீது தருகிறார்கள்? வாய்வார்த்தையில் குடிவைப்பதே எந்நேரமும் வெளியே தள்ளத்தான். அதனால, வாடகையைக் கையில குடுக்காதீங்க. போன்ல அனுப்புங்க, பேங்குல போடுங்க. தேதி, தொகை, பேர் பதிவாகும். ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம் எல்லாத்துலயும் விலாசத்தை மாத்துங்க. நம் கையில் இருக்கிற காகிதம்தான் நமக்குச் சாட்சி. ஊரில் எவனும் நமக்குச் சாட்சி சொல்ல வரமாட்டான்.

இரண்டு, இந்த இரட்டை வைப்புத்தொகை. இதை யோசித்துப் பாருங்கள் தோழர்களே. தவறு செய்தவர் யார்? சம்மதம் தர மறுத்தவர். தண்டம் கட்டுபவர் யார்? மறுக்கப்பட்டவர். வீட்டுக்காரரின் மனசு சரியில்லாததற்கு நாம் ஏன் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்? பிரச்சினை வந்தால் வாரியத்துக்கு நட்டம் வரக் கூடாது என்று ஈட்டுறுதிப் பத்திரம் வாங்குகிறார்கள் அல்லவா, அது போதாதா? குடியிருக்கிறாரா என்று மட்டும் பார் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இந்த இரட்டைக் கட்டணம் எதற்கு? இதை நீக்க வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் நாம் கேட்க வேண்டும். இது நம் இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

மூன்று, சாதி. நான் சொன்ன எந்த விதியிலும் சாதி என்ற சொல் கிடையாது. மறுக்கிற வீட்டுக்காரரும் சாதியைச் சொல்லி மறுக்கமாட்டார். அதற்குத்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தில், நிலத்திலோ இடத்திலோ தண்ணீரிலோ நமக்குள்ள உரிமையை அனுபவிக்கவிடாமல் தலையிடுவதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். ஆனால் எல்லா வீட்டுச் சண்டையையும் அதில் கொண்டுபோய் மாட்டாதீர்கள். உண்மையான வழக்கும் சேர்ந்து பலவீனமாகும். சாதியைச் சொல்லி ஏசினாரா, மற்ற குடித்தனக்காரருக்குக் கொடுத்துவிட்டு நமக்கு மட்டும் மறுத்தாரா, தேதி என்ன, யார் இருந்தார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலனியில் வீடு கட்டி முன்னால் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிற நம்மவர்களும் இருக்கிறார்கள். பாடுபட்டுக் கட்டினது, யாரும் தப்புச் சொல்ல மாட்டோம். ஆனா அங்கயும் சப்-மீட்டர் ஒன்பது ரூபாதான். அங்கயும் இருளர் குடும்பம் வந்தா "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்"தான். நமக்கு மேலே இருப்பவன் கையிலிருக்கிற பீஸ் கட்டையைக் கேட்கிற நாம், நமக்குக் கீழே என்று நினைக்கிறவனின் பீஸ் கட்டையைக் கையில் வைத்திருந்தால் அதுக்குப் பேர் விடுதலை இல்லை.

பேச்சு முடிந்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

ஒரு மாணவர்: "மீட்டர் நம்ம பேருக்கு வந்தா வீடு நமக்குச் சொந்தமாயிடும்னு அவங்க பயப்படுறதுல உண்மை இருக்கா?"

இல்லை தம்பி. மின் இணைப்பு நுகர்வோருக்கு அடையாளம், சொத்துக்குப் பத்திரம் இல்லை. கரண்ட்டு பில்லைக் காட்டி யாரும் வீட்டை எழுதி வாங்க முடியாது. இதை வீட்டுக்காரரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். பயத்தில் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசித் தீர்ப்பதே நல்லது. சொன்ன பிறகும் மறுத்தால் அது பயம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தாய்: "நீங்க சொல்றதெல்லாம் சரிங்கய்யா. நான் போய்ச் சட்டம் பேசுனா நாளைக்கே சாமானைத் தூக்கி வெளிய வச்சிடுவாரு. அப்ப யாரு வருவீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் மட்டும் பதில் சொல்ல முடியாதும்மா. இங்கே இருக்கிற எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். சட்டம் தனியாளுக்குக் கொடுத்த உரிமையைத் தனியாளாகப் போய் வாங்க முடியாது என்பதுதான் நம் அனுபவம். அதனால் இந்தக் கூட்டத்திலேயே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சட்டம் படிக்கிற மாணவர்கள் ஐந்து பேர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இங்கே உட்கார்ந்து படிவம் எழுதித் தருவார்கள். விண்ணப்பம் கொடுக்கப் போகிறவரோடு இரண்டு பேர் கூடப் போவார்கள். சாமானை வெளியே வைத்தால், வைத்த இடத்துக்கு நாம் எல்லோரும் போவோம்.

சம்மதக் கடிதம் இல்லையா? பரவாயில்லை. நாம் இங்கே குடியிருக்கிறோம். அது போதும் என்று சட்டம் சொல்கிறது. நாமும் சொல்லப் பழகுவோம்.

ஜெய்பீம்.